கடலுக்குப் பத்து நிமிட நடையில் ஒரு வீடு

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் பள்ளி ஆசிரியையாக இருந்து சென்ற மே மாதம் ஓய்வு பெற்றேன். ஜனவரியில் நானும் கணவரும் புதுச்சேரிக்கு வந்து மூன்று நாள் தங்கினோம். காலை ஐந்தரைக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தபோது, மிச்ச வாழ்க்கையை இங்கேயே கழித்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. வைசியாள் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது. திண்ணை, முற்றம், மரத்தூண் எல்லாம் இருக்கின்றன. கடலுக்குப் பத்து நிமிட நடை.

கணவர் தயங்குகிறார். உப்புக்காற்று, புயல், பழைய சுவர் என்று அவருக்குப் பயம். பெங்களூரில் இருக்கும் மகளோ, "வாங்கிப் போடுங்கள். நீங்கள் இல்லாத மாதங்களில் ஹோம்ஸ்டேவாக விட்டால் பணமும் வரும்" என்கிறாள். நீங்கள் அங்கேயே பல வருடமாகக் குடியிருக்கிறவர். சுற்றுலாக் கட்டுரைகளில் வருவதை விட்டுவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள். வாங்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்), கோவை

அன்புள்ள டீச்சர்,

வாங்கலாம். ஆனால் வருகிற ஐப்பசியும் கார்த்திகையும் இங்கே வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அதுவரை அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் பார்த்தது மழை ஓய்ந்து வெயில் ஏறாத ஊரை. கடற்கரைச் சாலையில் சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். அதனால் நீங்கள் நடந்த நேரத்தில் அலைச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்டிருக்காது. அந்தக் காலைகளுக்காக நானும் எத்தனையோ நாள் இருட்டோடு எழுந்து போயிருக்கிறேன். ஆனால் பழைய வீட்டின் குணம் மழையில்தான் தெரியும்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் ஊருக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் நின்றுவிட்டது. மறுநாள் காலைக்குள் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டர் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். எங்கள் வீதியில் திண்ணைப் படியோடு நின்றது. ஆனால் எங்களுக்கு ஆபத்து வந்தது வீதியிலிருந்து இல்லை, முற்றத்திலிருந்து. இந்த வீடுகளில் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில்தான் கொட்டும். அது வெளியே போகக் கை நுழையும் அளவுக்கு ஒரே ஒரு தூம்பு. ராத்திரி இரண்டு மணி இருக்கும். கரண்ட் இல்லை. எதிர்வீட்டு ஆயா தன் வாசலில் நின்று, "தூம்பைப் பாருங்க, இலை அடைச்சிருக்கும்" என்று கத்தினார். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து கையை விட்டுத் துழாவினேன். வேப்பிலையும் ஒரு பால் பாக்கெட்டும் பந்துபோல் சுருண்டு வந்தன. மடமடவென்று தண்ணீர் இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே தூம்பைக் குத்திவிட ஆள் இல்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் மூன்று நாள் தண்ணீரில் ஊறியது. நான்காம் நாள் எங்கள் பக்கத்துப் பூச்சு ஒரு பாய் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. சுவர் நின்றது, அது எங்கள் அதிர்ஷ்டம்.

கடற்கரைச் சாலையில் மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்த்தது திரும்பக் கட்டியது. 1870களில் கட்டிய அசல் கட்டடம் பராமரிப்பில்லாமல் கிடந்து, 2014 நவம்பர் 29ஆம் தேதி மழையில் இடிந்து விழுந்தது. இந்த ஊரில் பழைய கட்டடத்துக்குக் கண்டம் கார்த்திகையில்தான்.

உப்புக்காற்றைப் பற்றி உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் உப்புக்காற்றுக்குப் புதுவீட்டைவிடப் பழைய வீடுதான் தாங்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் ஊதும். ஊதினால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கடலோர அபார்ட்மென்ட் பால்கனிகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் கம்பி வெளியே தெரிவதைக் காணலாம். பழைய வீட்டின் மெட்ராஸ் டெரஸ் கூரையில் கம்பியே கிடையாது. மர உத்திரம், அதன்மேல் குறுக்காகக் கட்டைகள், அதன்மேல் சரித்து அடுக்கிய சின்னச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. துருப்பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. கரையானுக்கும் ஒழுக்குக்கும் மட்டும் பயந்தால் போதும்.

சுவருக்குச் சிமெண்ட் பூசிவிட்டால்தான் வினை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நாங்கள் குடிவந்த வருடம், கீழ்ச்சுவரில் பூச்சு உதிர்கிறது என்று ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டோம். அவர் இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசி, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். இரண்டாவது மழைக்காலத்தில் பெயிண்ட் கொப்பளித்தது. நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளைவெளேரென்று உப்பு. நிலத்திலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காய்ந்து வெளியேறிவிடும். சிமெண்ட் அதற்கு வழிவிடாது. ஈரம் உள்ளேயே தங்கி, அதிலிருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துப் பூத்து, கடைசியில் செங்கல்லையே மாவாக்கிவிடும். பிறகு வயதான கொத்தனார் ஒருவர் வந்து பெரும்பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்க வெறுமனே காயவிட்டார். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசினார். அந்தச் சுவர் ஃபெஞ்சலையும் பார்த்துவிட்டது. முன்பு விழுந்தது என்றேனே, அது அவர் கை படாமல் மிஞ்சியிருந்த சிமெண்ட் பகுதி.

ஆகவே வீட்டைப் பார்க்கப் போகும்போது தூணின் வேலைப்பாட்டைப் பிறகு ரசிக்கலாம். முதலில் சுவரின் அடிப்பகுதியைத் தட்டிப் பாருங்கள். சிமெண்ட் பூசியிருந்தால் அதை எடுக்கும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். போர்வெல் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பேறுவது சகஜம். பத்திரம் பிரெஞ்சில் இருக்கலாம், வாரிசுகளில் சிலர் பிரான்சில் இருக்கலாம். நல்ல வக்கீலாகப் பாருங்கள். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் வீடு இருக்கிறதா என்று நகர அமைப்புக் குழுமத்தில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பத்து நிமிட நடை. அதன் முடிவில் இருக்கும் மணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது மட்டும் திரும்பும். 1980களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகம் கட்டிக் கடலுக்குள் கல் நீட்டினார்கள். வடக்கே வர வேண்டிய மணல் வீராம்பட்டினம் பக்கமே தங்கிவிட்டது. அங்கே சேரும் மணலை அள்ளி வடக்கே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அது ஒழுங்காக நடக்கவில்லை. ஊருக்கு முன்னால் இருந்த கடற்கரை கரைந்துபோனது. அதைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. அங்கேயும் கல் கொட்டினார்கள். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று கல் போய்க்கொண்டே இருந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குள் பொம்மையார்பாளையம் வரைக்கும் வீடுகள் கடலுக்குள் போயின.

2004 சுனாமியில் நகரத்தைக் காப்பாற்றியது இந்தக் கல்தான் என்பார்கள், உண்மைதான். ஆனால் குருசுக்குப்பத்தில் போய் நின்று பாருங்கள். கட்டுமரம் ஏற்றவும் வலை உலர்த்தவும் மணல் இல்லாமல் போனால் ஒரு மீனவக் குப்பத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்? அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்றைக்குத் தலைமைச் செயலகத்துக்கு எதிரே குழந்தைகள் விளையாடும் மணல், சில வருடங்களுக்கு முன் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கு அடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு இரும்புத் திட்டைப் போட்ட பிறகு திரும்பி வந்தது. கல்லை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் முதல் தடவை அந்த மணலில் கால் வைத்ததை நான் பார்த்தேன். பலர் வருடக்கணக்காக மனு போட்டு, கூட்டம் போட்டு, அதிகாரிகளோடு பேசிப் பேசி வந்தது அது. இங்கே குடிவந்த பிறகு நீங்களும் அவர்களோடு ஒரு ஆளாக நிற்க வேண்டும் என்று கேட்கிறேன்.

வெளியூர்க்காரர் என்ற கூச்சம் வேண்டாம். 1908இல் பாரதி வந்தார், பத்து வருடம் இருந்தார். 1910இல் அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயர் வந்தார். யாரையும் இந்த ஊர் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. வீதிகளே வெளியூர்க்காரர் கைபட்டவைதான். 1693லிருந்து 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் வசம் இருந்தபோது போட்ட நேர்கோட்டு வரைபடம் இன்னும் நிற்கிறது. 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். திரும்பக் கட்டியபோதும் அதே கோட்டில்தான் கட்டினார்கள். கிழக்கு மேற்காக ஓடும் வீதியில் வீடு அமைந்தால் மத்தியானக் கடற்காற்று, பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டி உங்கள் திண்ணை வரை வரும். வைசியாள் வீதி அப்படிப்பட்ட வீதி. கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு மாடி என்று அங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

அந்த வீதிகளில் வீட்டுத் திண்ணைக்கும் முன்னால், மரக்காலில் நிற்கும் சாய்ப்புக் கூரையோடு இன்னொரு மேடை இருக்கும். தாழ்வாரம் என்போம். அது வீட்டுக்காரருடையதுதான், ஆனால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குகிற யாரும் உட்காரலாம். எங்கள் வீதியில் பூக்காரம்மா மத்தியானம் சாப்பிடுவது அதில்தான். கெஸ்ட் ஹவுஸ் ஆன வீடுகளில் முதலில் அந்தத் தாழ்வாரத்துக்குக் கிரில் போடுகிறார்கள். சனி ஞாயிறு வெளியூர்க் கார்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. திங்கட்கிழமை வீதியில் ஆள் இல்லை.

அதனால் மகள் சொல்கிற யோசனையை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாடகை வருமானமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் குடியிருந்துகொண்டு மாடியில் ஒரு அறையை விட்டால் வீடு மூச்சு விடும், தூம்பில் இலை சேராது. நீங்கள் கோவையில் இருந்துகொண்டு, ஒரு ஏஜென்ட் சாவியை வைத்துக்கொண்டு, வாரக் கடைசியில் மட்டும் விளக்கெரியும் வீடு என்றால் வாங்காதீர்கள். எங்கள் பக்கத்து வீடும் அப்படித்தான் ஆரம்பித்தது. வீதியில் இன்னும் எட்டுக் குடும்பம்தான் இருக்கிறோம். நீங்கள் வந்தால் ஒன்பது.

சரி, இப்போதைக்குச் செய்ய வேண்டியது இதுதான். அக்டோபர் முதல் வாரம் வந்துவிடுங்கள். முத்தியால்பேட்டையில் மூன்று மாதத்துக்கு ஒரு போர்ஷன் பார்த்துத் தருகிறேன். மழை வலுக்கும் நாளில் நீங்கள் வாங்க நினைக்கும் வீட்டின் சாவியைப் புரோக்கரிடம் கேட்டு வாங்கி, குடையோடு உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எங்கே ஒழுகுகிறது, தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது, பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள். எதிர்வீட்டுக்காரர்களிடமும் கேளுங்கள், அந்த வீட்டைப் பற்றி அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாசி மகத்துக்குள் முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், மயிலம் முருகன் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் வரும் அன்றைக்கு நாம் சேர்ந்தே போகலாம்.