தென் கரோலினா: நாளை யாருக்கு? – கடிதமும் பதிலும்

பிப்ரவரி 28, 2020

அன்புள்ள சார்,

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரை மாநிலம் மாநிலமாகத் தேர்ந்தெடுக்கும் ப்ரைமரிப் போட்டியில், நெவாடா முடிவு வந்த அன்று, ‘பைடனை இன்னும் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள், தென் கரோலினா அவருக்குத்தான்’ என்று எழுதியிருந்தீர்கள். நான் அதே மாநிலத்தில் கிரீன்வில்லில் ஐந்து வருடமாக இருக்கிறேன். ஹெச்-1பி விசா. ஓட்டு கிடையாது, வாய் மட்டும் உண்டு. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேஜையில் தினமும் இதே பேச்சுதான். எட்டுப் பேரில் ஐந்து பேர் சாண்டர்ஸ், இரண்டு பேர் புட்டிஜெஜ், ஒருவர் வாரன். பைடனுக்கு ஆளே இல்லை.

இதுவரை ஓட்டு நடந்த மூன்று மாநிலங்களிலும் மக்கள் ஓட்டில் சாண்டர்ஸ்தான் முதலிடம். பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. நெவாடாவில் இரண்டாவது என்றாலும் சாண்டர்ஸ் வாங்கியதில் பாதிகூட இல்லை. மூன்று முறை ஜனாதிபதி பதவிக்கு முயன்றும் இதுவரை ஒரு மாநிலத்தில்கூட ஜெயிக்காத மனிதர். மேடையில் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுகிறார். எதை வைத்து அவர் ஜெயிப்பார் என்கிறீர்கள்? கறுப்பின மக்கள் மொத்தமாக ஒருவருக்கே போடுவார்கள் என்பதாலா? அப்படியானால் அது நம்மூர் சாதி ஓட்டுக் கணக்குதானே?

என் அறைத்தோழன் உங்கள் கட்சி. பைடன் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிப்பார் என்கிறான். ஒரு பிரியாணி பந்தயம்.

ஆர்., கிரீன்வில்

*

அன்புள்ள ஆர்.,

பிரியாணிக்குப் பணம் எடுத்து வையுங்கள்.

உங்கள் சாப்பாட்டு மேஜையில் இருக்கும் எட்டுப் பேருக்கும் என்ன வயதிருக்கும்? அதில் கறுப்பினத்தவர் எத்தனை பேர்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. தென் கரோலினாவில் ஜனநாயகக் கட்சியின் ப்ரைமரிக்கு வந்து ஓட்டுப்போடுகிறவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். 2016-ல் பத்தில் ஆறு பேர். அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் அந்த இரண்டு ஊர் முடிவையும் வைத்துக்கொண்டு இங்கே கணக்குப் போட முடியாது.

இன்னொன்று, கிரீன்வில் இந்தத் தேர்தலின் மையம் இல்லை. மாநிலத்துக்கு மொத்தம் 54 டெலிகேட், அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகள். அதில் 35 பேரை ஏழு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். எந்தத் தொகுதியில் கட்சிக்கு ஓட்டு அதிகமோ, அங்கே பங்கும் அதிகம். உங்கள் நான்காவது தொகுதிக்குக் கிடைப்பது 4. பக்கத்து மூன்றாவது தொகுதிக்கு 3. கறுப்பினக் காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்னின் ஆறாவது தொகுதிக்கு 8. உங்கள் ஊரில் சாண்டர்ஸ் பிரமாதமாகச் செய்தாலும் அவருக்கு ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

சாதி ஓட்டு என்று கேட்டீர்களே, அதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

2008 ஜனவரியில் மகளின் பேறுகாலத்துக்காக நானும் மனைவியும் தென் கரோலினாவின் தலைநகர் கொலம்பியாவில் இருந்தோம். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் இடத்துக்கு ஒபாமாவும் ஹில்லரியும் மோதிய வருடம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. அந்தக் குளிரிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்திண்ணையில் உட்கார்ந்திருப்பார். டிசம்பரில் நாங்கள் போய் இறங்கியபோது அவர் வீட்டுப் புல்தரையில் ஹில்லரி கிளிண்டன் பெயர் போட்ட சின்னப் பலகை நின்றது. ஒருநாள் பேச்சுவாக்கில், ஒபாமா பிடிக்கவில்லையா என்று கேட்டேன். “நல்ல பையன். ஆனால் இவர்கள் போட மாட்டார்கள்” என்று எதிர்ச்சாரி வீடுகளைக் கண்ணால் காட்டினார். அது முழுக்க வெள்ளையர் வீடுகள்.

ஜனவரி 3 அன்று அயோவாவில் ஒபாமா ஜெயித்தார். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வெள்ளையராக இருக்கும் மாநிலம் அது. இரண்டு நாள் கழித்துக் காலையில் காபியுடன் வெளியே வந்து பார்க்கிறேன், பலகையைக் காணோம். கம்பி பிடுங்கிய இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் புல்லில். ஒபாமா பலகை வந்து சேர மேலும் பத்து நாள் ஆயிற்று, அதுவரை அந்த ஓட்டைகள் அப்படியே இருந்தன. மனசு மாறிவிட்டதா என்று கேட்டதற்கு, “மனசு அப்போதும் இதேதான்” என்றார். ஜனவரி 26 அன்று தென் கரோலினா ப்ரைமரியில் ஒபாமா 55 சதவீதம், ஹில்லரி 27. கறுப்பினத்தவர்களில் 78 சதவீதம் பேர் ஒபாமாவுக்குப் போட்டிருந்தார்கள்.

சாதி ஓட்டு என்றால் நம் ஆள் என்று பார்த்துப் போடுவது. இங்கே நடப்பது அதுவானால் கமலா ஹாரிஸும் கோரி புக்கரும் இன்றைக்குக் களத்தில் இருந்திருக்க வேண்டும். கமலா டிசம்பர் 3-லும் புக்கர் ஜனவரி 13-லும் ஒரு ஓட்டுகூட விழுவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார்கள். (கமலாவின் தாத்தா ஊர் மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரம். அந்தப் பாசத்தில் நானும் போன ஜூனில் கொஞ்சம் ஆடித்தான் போனேன்.) அந்த ஜூன் விவாதத்தில், கறுப்பினப் பிள்ளைகளைப் பேருந்தில் வெள்ளையர் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டத்தை அந்தக் காலத்தில் பைடன் எதிர்த்ததை எடுத்து வைத்து அவரைக் கமலா கிழித்தார். கருத்துக்கணிப்பில் கமலா சட்டென்று ஏறினார், சட்டென்று இறங்கவும் செய்தார். தென் கரோலினாப் பெரியவர்கள் அசையவில்லை. பைடன் அன்றைக்கு என்ன செய்தார் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. டிரம்ப்பை வீழ்த்த எதிர்ச்சாரி வீடுகள் யாருக்குப் போடும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. யார் ஜெயிப்பார் என்று நீங்கள் மேஜையில் பொழுதுபோக்காகப் பேசுவதைத்தான் அவர்கள் ஓட்டுச்சாவடிக்குள் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

எல்லோரும் ஒரே மாதிரியும் இல்லை. ஆரஞ்ச்பர்க்கில் கறுப்பின மாணவர்கள் படிக்கும் இரண்டு பழைய நிறுவனங்கள் இருக்கின்றன, கிளாஃப்லினும் மாநிலப் பல்கலைக்கழகமும். அங்கே இருபது வயதுப் பிள்ளைகளிடம் கேட்டால் கல்விக் கடன், மருத்துவக் காப்பீடு, சாண்டர்ஸ் என்பார்கள். அவர்களுடைய பாட்டிகள் பைடன் என்பார்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வரிசையில் வந்து நிற்பது யார் என்பது இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் தெரியும்.

புதன்கிழமை கிளைபர்ன் பைடனுக்கு ஆதரவு சொன்னதைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லையென்றால் முழுதாகப் பாருங்கள். தன் கணக்காளரின் இறுதிச் சடங்குக்குத் தேவாலயத்துக்குப் போயிருந்தாராம். முன்வரிசையில் இருந்த வயதான அம்மாள் ஒருவர் ஒன்றும் பேசாமல் விரலால் சைகை காட்டிக் கூப்பிட்டார். போய்க் குனிந்தார். சத்தமாகச் சொல்ல வேண்டாம், என் காதில் மட்டும் சொல், நீ யாருக்குப் போடப்போகிறாய் என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மாள். சொன்னார். உன் வாயால் கேட்கத்தான் காத்திருந்தேன், இந்த ஊரே காத்திருக்கிறது என்றாராம். கிளைபர்ன் 1993-லிருந்து காங்கிரஸில் இருக்கிறார், அவையில் கட்சியின் மூன்றாவது பெரிய தலைவர். அந்த மனிதரைச் சாவு வீட்டில் ஒரு கிழவி விரலால் கூப்பிடுகிறாள், அவர் போய்க் குனிகிறார். தொலைக்காட்சி விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தில் இதை வாங்க முடியாது.

வாங்கப் பார்த்தவர் இன்னொரு வேட்பாளர் டாம் ஸ்டையர். அந்தக் கோடீஸ்வரர் உங்கள் மாநிலத்தில் பல மாதமாகப் பணத்தை இறைத்துக்கொண்டிருக்கிறார். 15 சதவீதத்தைத் தொட்டிருப்பதாகவும் கருத்துக்கணிப்புகள் சொல்கின்றன. அந்த 15 முக்கியமான எண். அதைத் தாண்டாதவருக்கு டெலிகேட் கிடையாது, நம்மூரில் டெபாசிட் போகிற மாதிரி. ஸ்டையர் தாண்ட மாட்டார் என்று நினைக்கிறேன். தாண்டினால் அது பைடன் பையிலிருந்து போகும்.

கருத்துக்கணிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. திங்கள்கிழமை மாரிஸ்ட் கணிப்பில் பைடன் 27, சாண்டர்ஸ் 23. நேற்று மான்மத் கணிப்பில் பைடன் 36, சாண்டர்ஸ் 16. மூன்று நாள் இடைவெளியில் வித்தியாசம் 4-லிருந்து 20. மாரிஸ்ட் ஆட்கள் மக்களிடம் கேட்டது நெவாடா ஓட்டுக்கு முந்திய நாட்களில். பைடன் இரண்டாம் இடத்துக்கு வந்ததும் செவ்வாய்க்கிழமைச் சார்ல்ஸ்டன் விவாதமும் அதற்குப் பிறகு நடந்தவை. அந்த விவாதத்தில்தான் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கறுப்பினப் பெண்ணை நியமிப்பேன் என்று பைடன் வாக்குக் கொடுத்தார். நான் பிந்தியதைத்தான் நம்புகிறேன்.

சாண்டர்ஸைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். உங்கள் கிரீன்வில் ஜெஸ்ஸி ஜாக்சன் பிறந்த ஊர். 1988-ல் ஜாக்சன் ஜனாதிபதி பதவிக்கு முயன்றபோது, வெர்மாண்டில் பர்லிங்டன் மேயராக இருந்த சாண்டர்ஸ் அவருக்கு ஆதரவாக நின்றார். அன்றைக்கு அப்படி நின்ற வெள்ளை அரசியல்வாதிகள் அதிகம் இல்லை. அப்படிப்பட்டவர் 2016-ல் இதே மாநிலத்தில் ஹில்லரியிடம் 73-க்கு 26 என்று தோற்றார். கொள்கையில் குறை கண்டு தோற்கடிக்கவில்லை. நாலு நாளாய்த் தெரிந்த ஆள் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். இந்த நான்கு வருடத்தில் அவர் நிறைய முறை வந்து போயிருக்கிறார், அதனால் 26-ஐவிட நிலைமை மோசமாகாது என்று அவருடைய ஆட்கள் நம்பினார்கள். களத்தில் இத்தனை பேர் இருக்கும்போது அதுவே சந்தேகம்.

உங்கள் பகுதிக் குடியரசுக் கட்சிக்காரர்கள் சிலர் நாளை சாண்டர்ஸுக்குக் குத்தப்போகிறோம் என்று கிளம்பியிருப்பதும் தெரியும். தங்கள் கட்சிக்கு இந்த வருடம் அங்கே ப்ரைமரி இல்லை, யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சி ப்ரைமரியிலும் ஓட்டுப்போடலாம், டிரம்ப்புக்கு எளிய எதிரியைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்போம் என்ற கணக்கு. இந்த மாதிரி சாமர்த்தியங்கள் எல்லா ஊரிலும் பேச்சோடு நிற்பவை.

ஆக நாளைக்குப் பைடன். வித்தியாசம் பதினைந்துக்குப் பக்கத்தில் இருக்கும் என்பது என் மதிப்பு.

அதற்குப் பிறகு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்குத் தயக்கம் அங்கேதான். மூன்றே நாளில், மார்ச் 3, சூப்பர் செவ்வாய். ஒரே நாளில் பதினான்கு மாநிலம், மொத்த டெலிகேட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு. கலிஃபோர்னியாவுக்கு மட்டும் 415. அங்கே தபால் ஓட்டு பிப்ரவரி முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. பைடன் நாலாவது, ஐந்தாவது என்று வந்துகொண்டிருந்த நாட்களில் உறைக்குள் போட்டு ஒட்டப்பட்ட ஓட்டுகள் அவை. சனிக்கிழமை என்ன நடந்தாலும் திரும்ப எடுக்க முடியாது. சாண்டர்ஸ் ஜனவரியில் மட்டும் இரண்டரைக் கோடி டாலர் நன்கொடை திரட்டினார். முதல் நான்கு மாநிலங்களைத் தொடாமல் செவ்வாய்க்கிழமைக்காகவே காத்திருக்கும் இன்னொரு கோடீஸ்வர வேட்பாளர் புளூம்பெர்க் விளம்பரத்துக்கு 40 கோடி டாலருக்கு மேல் கொட்டிவிட்டார். பைடனிடம் கையில் இருப்பது சில்லறை.

சாண்டர்ஸ் அல்லாத ஓட்டை பைடன், புளூம்பெர்க், புட்டிஜெஜ், க்ளோபுச்சார் என்று நாலு பேர் பிய்த்துக்கொண்டால், பாதி இடங்களில் அந்த 15-ஐத் தாண்ட ஆளில்லாமல் சாண்டர்ஸ் மொத்தமாக அள்ளிக்கொண்டு போவார். 2016-ல் குடியரசுக் கட்சியில் இதுதான் நடந்தது. தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஓட்டு, கிடைத்தது 50 டெலிகேட்டும். அவரை எதிர்த்து நின்ற ரூபியோ, க்ரூஸ், கேசிக் மூவரும் அடுத்தவர் முதலில் விலகட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இந்த முறையும் அப்படித்தான் இருக்கும், புதன்கிழமை காலையில் சாண்டர்ஸ்தான் முன்னால் நிற்பார் என்று இப்போதைக்குத் தோன்றுகிறது. ஞாயிறு, திங்களுக்குள் இரண்டு பேர் விலகிவிட்டால் இந்தப் பத்தியைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

பந்தயத்துக்கு ஒரு குறிப்பு. சாவடி மாலை ஏழு மணிக்கு மூடும், இங்கே இந்தியாவில் எங்களுக்கு ஞாயிறு விடிகாலை ஐந்தரை. வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஒரு ஓட்டுகூட எண்ணுவதற்கு முன், ஏழு அடித்த உடனேயே தொலைக்காட்சிக்காரர்கள் பெயரை அறிவித்துவிடுவார்கள். அப்படி அறிவித்தால் நீங்கள் காரை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பலாம். ஏழரை வரை இழுத்தால் உங்கள் நண்பருக்கு வியர்க்க ஆரம்பிக்கும். அப்போது நானும் பல்கூடத் தேய்க்காமல் திரைமுன் உட்கார்ந்திருப்பேன்.