முதலில் தண்ணீர்

அன்புள்ள அண்ணா,

தென்னையிலிருந்து விழுந்து என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய் 11 மாதம் ஆகிறது. எனக்கு வேலை வைக்கக் கூடாது என்று தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறார். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் "எப்போ நடப்பார்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

தண்ணீரிலிருந்தே தொடங்குங்கள். தண்டுவடம் அடிபட்ட முதல் வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். அம்மாவுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று சாப்பாட்டுக்கு அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்வேன். சிறுநீர்த் தொற்று வந்து குளிர்காய்ச்சலில் கட்டிலே ஆடியது. அம்மாவுக்கு நான் மிச்சம் பிடித்த வேலை பத்து மடங்காகத் திரும்பி வந்தது.

அவருக்குக் கைகள் நன்றாக இருக்கின்றன அல்லவா? மெல்லிய குழாயைத் தானே செலுத்தி, சிறுநீர் வடிந்ததும் எடுத்துவிடும் முறை அவருக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. எவ்வளவு தண்ணீர் என்பதையும் டாக்டரே சொல்வார். பகலில் பிரித்துக் குடித்து, இருட்டியபின் குறைத்துக்கொள்ளலாம். கடிகாரத்தைப் பார்த்து உங்கள் கணவரே செய்துகொள்ளத் தொடங்கிவிட்டால் உங்களிடம் வெட்கப்பட வேண்டிய அவசியமும் அவருக்கு இருக்காது.

அப்புறம் ஒரு கைக்கண்ணாடி வாங்குங்கள். ஒரு கல்யாணத்தில் பின்பாக்கெட்டில் சாவியோடு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வலிக்கவே இல்லை, வலிக்க வழியும் இல்லை. மறுநாள் வேட்டியில் ரத்தக்கறையை அம்மாதான் பார்த்தார். அந்தப் புண் ஆற ஐந்து மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். இன்றும் காலையில் எழுந்ததும் கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பார்க்காமல் வீல்சேரில் ஏற மாட்டேன். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு வெளிறவில்லை என்றால் அன்று அந்த இடத்தில் பாரமே படக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போது கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். சூடான டம்ளரை மடியில் வைக்கவே வேண்டாம்.

நடப்பதைப் பற்றி டாக்டர் சொல்லட்டும். வருகிறவர்களிடம் "உள்ளே இருக்கார், அவர்கிட்டயே பேசுங்க" என்று அனுப்பிவிடுங்கள். விலைவாசி, மழை, தேங்காய் விலை, எதையாவது பேசட்டும்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இப்படியானவர். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் வந்ததும் அவரால்தான். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. இரண்டில் ஓர் இடத்துக்கு உங்கள் கணவரைக் கூட்டிப்போங்கள். கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தானாக மாறும் இன்னொரு ஆளை அவர் நேரில் பார்க்க வேண்டும். நான் சொல்வதைவிட, நீங்கள் சொல்வதைவிட, அது அவருக்குள் இறங்கும்.

ராத்திரியில் அவரைப் புரட்டுவது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள், உதவிக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்