சட்டம் கேள்வி–பதில்: அமெரிக்க வானொலியிலும் தபாலிலும் ஆபாசம்

கேள்வி: காலை 8 மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது கார் ரேடியோவில் பச்சையாகப் பேசுகிறார்கள். ஒலிபரப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எஃப்.சி.சி.க்கு எழுதியும் பயனில்லை. என்ன செய்வது?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: ‘அசிங்கமாகப் பேசினார்கள்’ என்று மட்டும் எழுதினால் அந்தப் புகார் நகராது. நிலையத்தின் அழைப்பெழுத்துகள் (நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்துகள்), தேதி, நேரம், பேசிய வார்த்தைகள், அதற்கு முன்னும் பின்னும் ஓடிய பேச்சு, எல்லாம் வேண்டும். வார்த்தைகளைக் கூச்சப்படாமல் அப்படியே எழுதுங்கள். ஒரே சொல் மருத்துவ விளக்கத்தில் வந்தால் குற்றமில்லை, கிளுகிளுப்புக்காக வந்தால் குற்றமாகலாம் என்பதால் சூழலைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒலிப்பதிவு கட்டாயமில்லை, இருந்தால் வலு. எஃப்.சி.சி. இணையதளத்தில் கட்டணமின்றிப் புகார் தரலாம்.

காலை 6 முதல் இரவு 10 வரை அநாகரிகப் பேச்சுக்குத் தடை உண்டு, உங்கள் 8 மணி அதற்குள் வருகிறது. அநாகரிகத்தைவிடக் கடுமையான, சட்டப்படி ‘ஆபாசம்’ என்றாகிவிட்டால் எந்த நேரத்திலும் கூடாது. கட்டணக் கேபிள் சேனல்களுக்கு இந்த நேரத் தடை கிடையாது. அங்கே அநாகரிகம் என்று எழுதுவது வீண்.

புகாரில் சரக்கு இருந்தால் நிலையத்திடம் விளக்கம் கேட்பார்கள், பிறகு அபராத முன்னறிவிப்பு, நிலையத்தின் பதில், கடைசியில் உத்தரவு. 2006இல் அபராத உச்சவரம்பை ஒரு மீறலுக்கு 32,500 டாலரிலிருந்து 3,25,000 டாலராக உயர்த்தினார்கள். ஆனால் உத்தரவு வந்தாலும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமே! 2004 சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி) இடைவேளை நிகழ்ச்சியில் பாடகி ஜேனட் ஜாக்சனின் மார்பு ஒரு நொடிக்கும் குறைவாகத் தெரிந்ததற்கு அதை ஒளிபரப்பிய சி.பி.எஸ். தொலைக்காட்சி நிலையங்களுக்கு 5,50,000 டாலர் அபராதம் போட்டார்கள். கண நேரக் காட்சிகளை அதுவரை விட்டுவந்த ஆணையம் முறையாக அறிவிக்காமல் கொள்கையை மாற்றியது தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளாமல், தொடர்ந்து நீளும் பேச்சைக் குறித்து எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: கேட்காமலேயே பாலியல் விளம்பரங்கள் தபாலில் வருகின்றன. நிறுத்த முடியுமா?
– வாசகர், டல்லாஸ்

பதில்: முடியும். தபால் நிலையத்தில் 1500 எண் படிவம் கேளுங்கள். வந்த உறையையும் விளம்பரத்தையும் தூக்கி எறியாமல் படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள். அது பாலுணர்வைத் தூண்டுகிறதா என்று முடிவு செய்யும் உரிமை பெறுபவருக்கே என்று 1970இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அனுப்புநருக்குத் தடை உத்தரவு போகும். உத்தரவு அவர் கைக்குப் போய் 30 நாள் கழிந்த பிறகும் தபால் வந்தால், அந்த உறையையும் பத்திரப்படுத்தி, வந்த தேதியைக் குறித்துத் தபால் துறையிடமே கொடுங்கள்.