கட்டாமல் திரியும் கட்டாக்காலி மாடுகளால் இலங்கையின் வடக்கே வன்னிச் சந்தைகளில் மரக்கறி விலை உண்மையிலேயே ஏறுகிறதா?

ஏறுகிறது. ஆனால் சந்தைக்குள் புகும் மாட்டால் அல்ல. அது இழுத்துப்போகும் கீரைக்கட்டு அந்த வியாபாரியின் அன்றைய வருமானத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். விலையை ஏற்றுவது தோட்டத்தில் நடக்கும் அழிவு.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காலபோக (மாரிகால) நெல் விதைப்புத் தொடங்கியதும் வயல்வெளிகள் மாடுகளுக்கு இல்லாமல் போகின்றன. மேய்ச்சல் தரையோ போதாது. பசித்த மாடு இரவில் வேலி பிரிந்த தோட்டத்தைத் தேடி வருகிறது. பயிற்றங்கொடியைக் காயோடு பிடித்து இழுக்கும்போது பந்தல் தடிகளும் சேர்ந்து சாய்கின்றன. மிதிபட்ட கத்தரி மறுபடி தளிர்த்தாலும் காய்ப்பு வாரக்கணக்கில் பிந்திவிடும். அந்த இடைவெளியைத் தெற்கே தம்புள்ளை மொத்தச் சந்தையிலிருந்து வரும் மரக்கறி நிரப்புகிறது. லொறிக் கூலியும் இடைத்தரகர் பங்கும் விலையோடு சேர்ந்துகொள்கின்றன.

முட்கம்பி, தூண், இராக்காவல் என்று போகும் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. சிறு தோட்டத்தை நம்பியிருக்கும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு அது தாங்க முடியாத சுமை.

பிரதேச சபைகள் மாடுகளைப் பிடித்துக் கட்டித் தண்டம் அறவிடுகின்றன. அது தேவைதான். ஆனால் மாட்டுக்காரர்களில் பலர் 2009 இல் முடிந்த போரில் மந்தைகளை இழந்து, பிறகு ஒன்றிரண்டாகச் சேர்த்தவர்கள். எல்லையிட்ட மேய்ச்சல் தரையை ஒதுக்காமல் தண்டத்தை மட்டும் கூட்டினால் மாடு அடுத்த ஊர்த் தோட்டத்தில் போய் நிற்கும். அறவிடும் தண்டப்பணத்தில் ஒரு பங்கு, பயிரை இழந்த தோட்டக்காரரின் கைக்கே போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.