போர்ட் (காற்று போய்வரும் வாய்) பெரிதாக்கிய 12ஏ ரோட்டரி இன்ஜினை கம்பெனி கார்புரேட்டரிலேயே ரன்னிங்-இன் (புதிதாகக் கட்டிய இன்ஜினை முதலில் மிதமாக ஓட்டிப் பழக்குவது) செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். முதல் தலைமுறை மஸ்டா ஆர்எக்ஸ்-7-இல் வந்த நிக்கி நான்கு பேரல் கார்புரேட்டர்தானே? அதுவே நல்லது என்பேன். ரன்னிங்-இன்னில் உங்களுக்குத் தேவை பவர் இல்லை. பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண ரோட்டரின் முனைகளில் உள்ள அபெக்ஸ் சீலும் பக்கங்களில் உள்ள சைடு சீலும் பதமாக உட்கார வேண்டும், அவ்வளவுதான். மிதமாக ஓட்டினால் கார்புரேட்டரில் முதலில் திறக்கும் சின்ன பிரைமரி பேரல்களே (காற்று போகும் குழல்கள்) போதும்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த இன்ஜினில் சீல்களுக்கான எண்ணெய், எண்ணெயை அளந்து அனுப்பும் மீட்டரிங் பம்பிலிருந்து மெல்லிய குழாய்கள் வழியாக கார்புரேட்டருக்குள் வருகிறது. அளவைக் கூட்டிக் குறைப்பது ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து அசையும் ஒரு கம்பி. கார்புரேட்டரை மாற்றினால் இந்த ஏற்பாடு பெரும்பாலும் போய்விடும், பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டிவரும். புது சீலுக்கு அந்தச் சோதனை எதற்கு?

ஆனால் போர்ட்டும் சைலன்சரும் மாறியிருந்தால் காற்று கூடுதலாகப் போய், கலவையில் பெட்ரோல் குறையலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால் அழுத்தி ஓட்டாதீர்கள். டெட்டனேஷன் (கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்தால் அபெக்ஸ் சீல் உடையும். முதலில் கார்புரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் மேனிஃபோல்ட் குழாயின் கேஸ்கெட்டில் காற்றுக்கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றுங்கள். ஐடிலில் கொஞ்சம் குலுங்குவது போர்ட்டின் குணம், அதற்காகக் கார்புரேட்டரைத் திட்டாதீர்கள்.