நர்சிங் சீட் கிடைத்துவிட்டது, பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு நர்சிங் பட்டப்படிப்பில் சேர ஆசை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. இரண்டு தனியார் கல்லூரிகள் சீட் தருகின்றன. ஒன்று பல வருடங்களாக நடக்கிறது, கட்டணம் அதிகம். இன்னொன்று தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. மொத்தப் படிப்புக்கும் சேர்த்துப் பார்த்தால் கால் பங்குக்கு மேல் குறைகிறது. இரண்டு விளம்பரத்திலும் ‘அங்கீகாரம் பெற்றது’ என்று போட்டிருக்கிறது. இந்த வாரமே முன்பணம் கேட்கிறார்கள். பிற்காலத்தில் வெளிநாடு போகும் எண்ணமும் அவளுக்கு உண்டு. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: முதலில் அந்த ‘இந்த வாரமே’ என்பதை ஒதுக்கி வையுங்கள். நல்ல கல்லூரிக்கும் கடைசித் தேதி இருக்கும்தான். ஆனால் அங்கீகாரக் கடிதத்தின் நகலைக் கேட்டால் அதைக் காட்டாமல் தேதியை மட்டும் நினைவூட்டுகிற கல்லூரியில் அவசரம் உங்களுக்கு இல்லை, அவர்களுக்குத்தான்.

சரி, அங்கீகாரத்துக்கு வருவோம். நர்சிங்கில் அது ஒரே முத்திரை இல்லை. பட்டம் கொடுக்கும் அதிகாரம் ஒன்று. அது பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்டது. அந்தக் கல்லூரியில் படித்தவரை நர்ஸாகப் பதிவு செய்ய ஒப்புக்கொள்ளும் அதிகாரம் இன்னொன்று. அது நர்சிங் கவுன்சில் அல்லது போர்டு சம்பந்தப்பட்டது. இதற்கு மேல், படிப்பின் தரத்தைத் தனியாக மதிப்பிட்டுச் சான்று தரும் அமைப்புகளும் சில நாடுகளில் உண்டு. விளம்பரத்தில் இதில் எது இருந்தாலும் ‘அங்கீகாரம்’ என்றுதான் போடுவார்கள். பல்கலைக்கழகத்தோடு முறையாக இணைந்த கல்லூரியாகவே இருக்கும், பட்டமும் செல்லும், ஆனால் கவுன்சில் பட்டியலில் அந்த வருடத்துக்குப் பெயர் இருக்காது. அப்போது கையில் பட்டம் இருக்கும், வார்டில் வேலை செய்யும் உரிமை இருக்காது.

அமெரிக்காவில் இந்தப் பிரிவு தெளிவாகத் தெரியும். மாநில நர்சிங் போர்டு ஒப்புதல் கொடுத்த படிப்பாக இருந்தால்தான் என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வை எழுத வழி பிறக்கும். சிசிஎன்இ, ஏசிஇஎன் போன்றவை தரமதிப்பீடு செய்பவை. இவற்றின் சான்று இல்லாத இடத்தில் படித்தாலும் உரிமம் வாங்கிவிட முடியலாம், ஆனால் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பல பல்கலைக்கழகங்கள் அதைக் கேட்கும். பிரிட்டனில் என்எம்சி என்ற ஒரே கவுன்சில்தான் படிப்புக்கும் ஒப்புதல் தருகிறது, நர்ஸையும் பதிவு செய்கிறது. இந்தியாவில் இந்திய நர்சிங் கவுன்சில், மாநில கவுன்சில், பல்கலைக்கழகம் என்று மூன்று பக்கமும் பார்க்க வேண்டும். 2023இல் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு உதவி ஆணையத்துக்கான சட்டமும் வந்திருக்கிறது. நாடு எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே படித்து முடித்தால் எந்த அமைப்பு என் மகளின் பெயரை நர்ஸ் என்று பதிவேட்டில் எழுதும்?

பதிலைக் கல்லூரியிடம் கேட்காமல் அந்த அமைப்பின் இணையதளத்துக்கே போய்ப் பாருங்கள். பட்டியலில் கல்லூரிப் பெயர் இருப்பது மட்டும் போதாது. அந்த வரியை இடமிருந்து வலம் முழுதாகப் படியுங்கள். கல்லூரிப் பெயருக்குப் பக்கத்தில் படிப்பின் பெயர் இருக்கும்: டிப்ளமோவுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டு பட்டப்படிப்புக்கும் ஆள் சேர்க்கிறவர்கள் உண்டு. அடுத்து வருடம்: போன வருடத்துப் பட்டியலைக் காட்டி இந்த வருடம் சேர்ப்பார்கள். அடுத்து இடங்களின் எண்ணிக்கை: அறுபதுக்கு அனுமதி வாங்கி எண்பது பேரைச் சேர்த்தால் மீதி இருபது பேரின் கதி என்ன? முகவரியையும் பாருங்கள். ஒரே அறக்கட்டளை மூன்று ஊரில் மூன்று கல்லூரி நடத்தி, ஒன்றின் ஒப்புதலை மூன்றுக்கும் காட்டுவது புதிய வித்தை இல்லை. ‘விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’, ‘நிபந்தனையுடன்’, ‘தற்காலிகமாக’ என்று ஏதாவது சொல் இருந்தால் அதற்கு என்ன பொருள் என்று அந்த அமைப்புக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

புதிய கல்லூரி என்பதாலேயே மோசம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க முறையில், மாணவர்களைச் சேர்த்துப் பாடம் நடக்க ஆரம்பித்த பிறகுதான் தரமதிப்பீட்டுக் குழு நேரில் வந்து பார்க்கும். ஆகவே அங்கே நேர்மையான புதிய படிப்பும் கொஞ்ச காலம் ‘விண்ணப்பித்த’ நிலையில்தான் இருக்கும். ஆனால் பதிவு செய்யும் கவுன்சிலின் ஒப்புதல் வேறு விஷயம். அது இல்லாமல் வகுப்பு தொடங்கியிருந்தால் கட்டணம் பாதியாக இருந்தாலும் வேண்டாம்.

இதையெல்லாம் மிகைப்படுத்திச் சொல்கிறேனோ என்று தோன்றினால் ஒரு செய்தி: 2023 ஜனவரியில் ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ என்ற பெயரில் அமெரிக்கப் புலனாய்வாளர்கள் ஒரு மோசடியை வெளியே கொண்டுவந்தார்கள். புளோரிடாவில் இருந்த மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. வாங்கியவர்களில் பலர் உரிமத் தேர்வில் தேறி வேலையிலும் இருந்தார்கள். பிறகு மாநில போர்டுகள் ஒவ்வொரு பெயராகத் தோண்டின.

இப்போது பணம். கல்லூரி அட்டையில் இருக்கும் ஆண்டுக் கட்டணத்தை வருடங்களால் பெருக்குவது கணக்கின் ஆரம்பம்தான். ஆய்வகம், சீருடை, மருத்துவமனைக்குப் போய்வரும் பேருந்து, தடுப்பூசி, பல்கலைக்கழகத் தேர்வு, விடுதி, பதிவுக் கட்டணம் என்று பின்னால் வரிசையாக வரும். இவை எல்லாவற்றையும் வருடவாரியாக எழுதி, கல்லூரி முத்திரையோடு கேளுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து கட்டணம் ஏறுமா, ஏறினால் எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும். கடன் வாங்குவதாக இருந்தால், படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியும் செலவுதான்.

ஆனால் நான் பெற்றோர்களிடம் போடச் சொல்லும் கணக்கு வேறு. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்து நர்ஸாகப் பதிவானார்கள்? உதாரணத்துக்கு ஒரு கல்லூரியில் ஒருவருக்கு ஆகும் மொத்தச் செலவு 400 என்று வைப்போம். அறுபது பேர் சேர்ந்து முப்பது பேர் பதிவானார்கள் என்றால் பதிவான ஒரு நர்ஸுக்கு ஆன செலவு 800. இன்னொன்றில் மொத்தச் செலவு 550, அறுபதில் ஐம்பத்து நான்கு பேர் பதிவானார்கள் என்றால் ஒருவருக்கு சுமார் 611. நடுவில் விட்டவர்கள் முழுப் பணமும் கட்டியிருக்க மாட்டார்கள், ஆகவே இது துல்லியமான கணக்கு இல்லை. இருந்தாலும் மலிவு எது என்ற எண்ணத்தைப் புரட்டிப்போட இது போதும்.

இந்த எண்களைக் கேட்டால் ‘தேர்ச்சி 98 சதவீதம்’ என்று ஒரு பதில் வரும். எதில் 98 என்று கேளுங்கள். கடைசி வருடம் உள்தேர்வு ஒன்றை வைத்து, தேறமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களை நிறுத்தி வைத்துவிட்டு, மீதிப் பேரை மட்டும் உரிமத் தேர்வுக்கு அனுப்பினால் சதவீதம் அழகாகத்தான் இருக்கும். முதல் முயற்சியிலா, எத்தனை பேர் எழுதினார்கள், அவர்கள் சேர்ந்த வருடத்தில் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற மூன்றும் தெரிய வேண்டும். உரிமத் தேர்வு இல்லாத நாடுகளில் பல்கலைக்கழகத் தேர்வு முடிவையும் கவுன்சில் பதிவையும் பாருங்கள். உங்கள் இரண்டாவது கல்லூரியில் இந்தக் கணக்கையே போட முடியாது, ஒரு பேட்ச்கூட இன்னும் வெளியே வரவில்லையே. கட்டணக் குறைவு என்பது அந்தத் தெரியாத நிலைக்குத் தரும் தள்ளுபடி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிகக் கட்டணத்துக்கு நியாயமான காரணம் ஒன்றே ஒன்றுதான் என் கணக்கில்: கிளினிக்கல் போஸ்டிங், அதாவது மருத்துவமனை வார்டில் கிடைக்கும் நேரடிப் பயிற்சி. குளிர்சாதன வகுப்பறை, நீச்சல் குளம் எல்லாம் எனக்குப் பொருட்டில்லை. சொந்த மருத்துவமனை இருக்கிறதா, இல்லையென்றால் எந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம், அது எத்தனை வருடத்துக்கு, அதே வார்டுக்கு வேறு எத்தனை கல்லூரி வருகிறது? ஒரு கட்டிலைச் சுற்றி எட்டு மாணவிகள் நின்று, ஒருத்தி ரத்த அழுத்தம் பார்க்க மற்ற ஏழு பேரும் அந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொள்வதற்குப் பெயர் போஸ்டிங் இல்லை. செய்த பயிற்சிகளைக் குறிக்கும் லாக்புக்கில் எல்லாம் நிரம்பியிருக்கும், கை மட்டும் பழகியிருக்காது.

வெளிநாடு என்று சொன்னீர்கள். அங்கேதான் வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்ற கணக்கு பூதமாகக் கிளம்பும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பொது நர்சிங் பயிற்சி குறைந்தது 3 வருடம், 4,600 மணி நேரம்; அதில் பாதியாவது நோயாளிகளோடு நேரடிப் பயிற்சியாக இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும்போது, வெளிநாட்டில் படித்த நர்ஸ்களின் சான்றுகளைச் சரிபார்க்கும் சிஜிஎஃப்என்எஸ் (இப்போது ட்ரூமெரிட் என்று பெயர்) போன்ற அமைப்பு ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பு எத்தனை மணி, வார்டு எத்தனை மணி என்று கல்லூரியிடமிருந்தே நேரடியாகக் கேட்டு வாங்கும். குழந்தைகள் நலம், மனநலம் என ஏதாவது ஒரு பிரிவில் மணி குறைந்தால் அங்கேயே தேங்கிவிடும். ஆகவே, படிப்பு முடிந்த பழைய மாணவியின் டிரான்ஸ்கிரிப்ட் (பாடங்களும் மணி நேரமும் உள்ள சான்று) ஒன்றைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து உங்கள் மகள் கேட்டாலும் அதை அனுப்ப அங்கே ஒரு அலுவலகமும் ஆளும் இருப்பார்களா என்பதையும் யோசியுங்கள்.

இன்னும் ஒன்று: ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி வசம் வைத்துக்கொள்வார்களா, முடித்ததும் இத்தனை வருடம் இங்கேயே வேலை என்று பாண்டு உண்டா, நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பி வரும்? மூன்றுக்கும் வாய்மொழிப் பதில் வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், இரண்டாவது கல்லூரிக்குக் கவுன்சில் ஒப்புதல் இந்த வருடத்துக்கு, இந்தப் பட்டப்படிப்புக்கு இருக்கிறதா என்று இன்றே பார்ப்பேன். இல்லையென்றால் பேச்சு முடிந்தது. இருந்தால், அதன் கட்டணத்தை மனதில் வைத்துக்கொண்டு முதல் கல்லூரிக்குப் போய், பதிவானவர்களின் எண்ணிக்கையும் வார்டும் அந்த அதிகக் கட்டணத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். இரண்டும் சமமாக இருந்தால் மட்டுமே விலையைப் பார்ப்பேன். அப்புறம் போகும்போது மகளையும் அழைத்துப் போங்கள். அலுவலக அறையில் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் கேண்டீனில் மூன்றாம் வருட மாணவி யாரிடமாவது, ‘அக்கா, நேத்து எந்த வார்டுல இருந்தீங்க, என்ன செஞ்சீங்க?’ என்று கேட்கட்டும். நோயாளியின் கதையோடு பதில் வந்தால் நல்லது. ‘நேத்து வகுப்புதான், இந்த மாசம் போஸ்டிங் இல்லை, பஸ் இன்னும் ஏற்பாடு ஆகலை’ என்று வந்தால், முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.