இறால் ரப்பராகாமல், தக்காளி குளமாகாமல்

கேள்வி: கோடை விருந்துக்குச் சுட்ட இறாலும் தக்காளி சாலட்டும் முதலில் பரிமாறலாம் என்று நினைத்தேன். இறாலில் எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய்த்தூள் பிசறிக் காலையிலேயே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். மதியம் தோசைக்கல்லில் போட்டதும் தண்ணீர் விட்டு வெந்து, ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. சாலட்டோ தட்டில் குளம் கட்டி நின்றது. மே மாதம் மறுபடி செய்ய வேண்டும். எங்கே தப்பு?
– வாசகி, காரைக்குடி

பதில்: ‘காலையிலேயே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான். எலுமிச்சையின் புளிப்பு, அடுப்பு இல்லாமலேயே இறாலின் புரதத்தை இறுக்கத் தொடங்கிவிடும். அரை மணி நேரத்திலேயே மேல்புறம் வெளுத்துப் பாதி வெந்தது போல ஆகும். அதைக் கல்லில் போட்டால் இரண்டாம் முறை வேகவைக்கிற கணக்கு. எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகுதான் வர வேண்டும்.

முதலில் இறாலை வாங்குவதைப் பார்ப்போம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மே மாதம் கடல் இறால் நாட்டுப் படகு வரத்தை நம்பித்தான், விலையும் ஏறியிருக்கும். பண்ணையில் வளர்க்கும் வனாமி வகை இறால் தாராளமாகக் கிடைக்கும், இதற்கு அதுவே போதும். நான்கு பேருக்குத் தலையோடு அரை கிலோ, கிலோவுக்கு 30 நிற்கிற அளவில் வாங்குங்கள். சுத்தம் செய்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல் தேறும். உரித்து உறைய வைத்த பாக்கெட் என்றால் பின்பக்கம் பாருங்கள். 451 என்ற எண்ணோ, பாஸ்பேட் என்ற சொல்லோ இருந்தால், தண்ணீரைப் பிடித்து வைப்பதற்காகச் சேர்த்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் உங்கள் கல்லில்தான் இறங்கும்.

ஓட்டை உரித்து வாலை மட்டும் விடுங்கள். முதுகைக் கீறிக் குடலை எடுத்து, ஒரே ஒரு முறை கழுவுங்கள். அரை டீஸ்பூன் உப்பும் இரண்டு சிட்டிகை சமையல் சோடாவும் பிசறி, ஃப்ரிட்ஜில் 15 நிமிடம் வையுங்கள். சோடா இறாலின் ஈரத்தை உள்ளேயே நிறுத்தும், சீக்கிரம் சிவக்கவும் வைக்கும். அதிகமானால் சோப்பு வாடை வரும், கை தாராளம் வேண்டாம். பிறகு பழைய பருத்தித் துணியில் ஒவ்வொன்றாக ஒற்றி எடுங்கள். பலரும் தாண்டிப் போகிற வேலை இதுதான். மேலே ஈரம் இருக்கும்வரை கல்லின் சூடெல்லாம் அதை ஆவியாக்கவே செலவாகும். இறால் சுடாது, அவியும்.

இறால் ஊறும் நேரத்தில் தக்காளி. நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் அதிகம், பெங்களூர் தக்காளியில் சதை அதிகம். இரண்டிலும் பாதிப் பாதியாக 400 கிராம் எடுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்த தக்காளிக்கு மணம் செத்துப்போயிருக்கும். முந்தைய நாள் வாங்கி வெளியே வைத்ததே நல்லது. பெரிய துண்டுகளாக நறுக்கி, அரை டீஸ்பூன் உப்பு தூவி, வடிதட்டில் போட்டுக் கீழே கிண்ணம் வையுங்கள். கால் மணி நேரத்தில் தெளிந்த சாறு இறங்கியிருக்கும். தட்டில் குளம் கட்டியது இதுவேதான். கொட்டிவிடாதீர்கள்! விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பில்தான் தக்காளியின் ருசி மிகுதி, அது கரைந்து இறங்கிய சாறு. அதில் மூன்று மேசைக்கரண்டி எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், நசுக்கிய ஒரு பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள் சேர்த்து அடித்து வையுங்கள். நல்லெண்ணெய்தான் இருக்கிறது என்றால் ஒரு டீஸ்பூனுக்கு மேல் போகாதீர்கள், அதன் வாசனை மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

விருந்தினர் உட்கார்ந்த பிறகு இரும்புத் தோசைக்கல்லை முழுத் தீயில் ஐந்து நிமிடம் காயவிடுங்கள். நான்ஸ்டிக் இவ்வளவு சூட்டுக்கு ஆகாது. தெளித்த தண்ணீர் முத்து முத்தாக ஓடி மறைய வேண்டும். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் இறாலில் தடவுங்கள். அரை டீஸ்பூன் மிளகாய்த்தூளையும் அப்போதே சேர்க்கலாம், முன்பே பிசறினால் ஒற்றும்போது துணியோடு போய்விடும். ஒரு ஈட்டுக்கு ஏழெட்டுதான். நெருக்கினால் கல் ஆறிவிடும். ஒன்றரை நிமிடம் தொடாதீர்கள். கண்ணாடி நிறம் மாறி, வெண்மை பக்கவாட்டில் பாதி உயரம் ஏறியதும் திருப்புங்கள். அடுத்த பக்கம் ஒரு நிமிடம். முதுகின் கீறலுக்குள் கண்ணாடித் தன்மை போய்ப் பால் நிறம் வந்திருந்தால் எடுத்துவிடலாம். தளர்வாக வளைந்திருந்தால் பதம். தலைப்பக்கமும் வாலும் தொட்டு வளையமாகச் சுருண்டால் அளவுக்கு மீறி வெந்துவிட்டது.

தக்காளியைத் தட்டில் பரப்பி, இறாலை மேலே வைத்து, சாற்றை ஊற்றுங்கள். தூவுவதற்குத் திருநீற்றுப் பச்சிலை நான்கைந்து இலை. இத்தாலியர் தக்காளியோடு சேர்க்கும் பேசிலும் இதே செடிதான். நம் ஊர் வகைக்குக் காரம் கூடுதல் என்பதால் கிள்ளிப் போட்டால் போதும். கிடைக்காவிட்டால் புதினா.

மே மாத வெயிலில் பச்சை இறாலை வெளியே வைத்து உறைவு நீக்காதீர்கள். முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறந்துவிட்டால் இறுக மூடிய கவரோடு குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம்.

இறால் விலை கையைச் சுட்டால் ஊசிக் கணவாயும் இதற்கு நன்றாகப் பொருந்தும். உள்ளிருக்கும் கண்ணாடி ஊசியை உருவி, தோலை உரித்து, ஒரு பக்கமாக வெட்டி விரித்து, உள்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக லேசாகக் கீறுங்கள். சோடா தேவையில்லை. அதே கல், அதே தீ, மொத்தமே இரண்டு நிமிடம். அதைத் தாண்டிவிட்டால் குழம்பில் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டால்தான் மறுபடி மெத்தென்று ஆகும்.